எல்.எல்.ஆர். போட்டுவிட்டு விமானம் ஏறியவள்

அப்பா பஸ் டிரைவர். பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்தில் சேர்ந்து, அது அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு ஓய்வு பெற்றவர். மொத்தம் 28 வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனிதர். அவர் மகளான எனக்கு 42 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கல்லூரி நாளில் தோழியின் ஸ்கூட்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிங்கப்பூருக்குப் போய் 11 வருஷம் ஆகிறது. அங்கே ரயிலும் பஸ்ஸும் போதும். கார் வைத்துக்கொள்வதற்கான சி.ஓ.இ. என்ற உரிமைச் சீட்டே 2023இல் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. நம்மைப்போல மாதச் சம்பளக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தேவை வந்தது மதுரையில். அப்பாவுக்குக் கண் நீர் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும் என்றதும், யாரும் சொல்லாமலே சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். ஓய்வு பெற்றபோது வாங்கிய ஆல்டோ புதூர் வீட்டு வாசலில் உறை போட்டபடி நின்றது. அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோ.

2023 ஜூனில் மூன்று வாரம் லீவு போட்டு வந்தேன். லைசென்ஸ் எடுத்துக்கொண்டுதான் திரும்புவது என்று வீட்டில் சபதமே போட்டேன். முதல் பத்து நாளை ஒரு சிம் கார்டு விழுங்கியது. லைசென்ஸுக்கான அரசின் சாரதி தளத்தில் விண்ணப்பம் போட்டால், ஆதாரில் இருக்கும் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வருகிறது. அந்த எண்ணுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நான் ரீசார்ஜ் செய்யவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "யாருங்க, நான் திண்டுக்கல்லுல இருந்து பேசுறேன்" என்று ஓர் ஆண் குரல். என் எண் அவருக்குப் போயே போய்விட்டது. புது சிம் வாங்கி, ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, ஐம்பது ரூபாய் கட்டி எண்ணை மாற்றி, அது ஏறும்வரை காத்திருந்து... வெளிநாட்டில் இருப்பவர்களே, வேறு எதை மறந்தாலும் ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் போட மறக்காதீர்கள்.

40 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ வேண்டும். பதிவு பெற்ற டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவது. எங்கள் தெரு டாக்டரிடமே வாங்கினேன், அதில் சிரமமில்லை. எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் கையில் கிடைத்தது ஜூன் 22ஆம் தேதி. 24ஆம் தேதி எனக்கு விமானம்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் தாண்டினால் அது செல்லாது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நாம் ஊரில் இருந்தாக வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தீபாவளிக்கு வந்து முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்து இறங்கியபோது எல்.எல்.ஆர். காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பஸ்ஸ விட்டுட்ட" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் மேலதிகாரியிடம் பேசி, 2024 மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை மதுரையில் இருந்தபடியே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. காலை ஆறரைக்கு மடிக்கணினியைத் திறந்தால் மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும். நான்கு மணிக்கு டிரைவிங் ஸ்கூல் வண்டி வாசலில் நிற்கும். என்னை மாதிரி ஆட்களுக்கு இதைவிட வசதியான நேரம் அமையாது.

அந்த மார்ச்சில்தான் இ-சேவை மையத்திலேயே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்திருந்தது. சேவைக் கட்டணம் 60 ரூபாய். ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் சேர்த்துப் போட்டேன். எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு வகைக்கு 300, அட்டைக்கு 200. இதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். மார்ச் 18 அன்று எல்.எல்.ஆர். வந்தது. விரல்விட்டு எண்ணினேன், 30 நாள் முடிவது ஏப்ரல் 17.

காலண்டரைப் பார்த்த அப்பா சிரித்துவிட்டார். 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். 22 தேரோட்டம். 23 அழகர் ஆற்றில் இறங்குகிறார், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. "மதுரையே வைகைக்குள்ள நிக்கும், நீ யாருகிட்ட போயி எட்டு போடுவ?" கடைசியில் ஏப்ரல் 25ஆம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது.

டிரைவிங் மாஸ்டர் என்னைவிட பத்து வயது சின்னவர். "பையப் போங்கக்கா, கிளட்ச்ச பைய விடுங்க, பைய" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வார். தெப்பக்குளத்தைச் சுற்றியே ஒரு வாரம் ஓட்டினோம். அதன்பிறகு ஒத்தக்கடைப் பக்கம், யானைமலையைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆல்டோவிலேயே முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிப் பழகினேன். பழகுநர் பக்கத்தில் உட்காருபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். 28 வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அந்தத் தகுதி இல்லை! ஆகவே முன் இருக்கையில் சித்தி மகன், பின் இருக்கையில் அப்பா. சித்தி மகன் பெரும்பாலும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ரெண்டாம் கியரு கத்துது பாரு, மாத்து." "எதுக்கு இப்ப பாதி கிளட்ச்சுல காலு வச்சுருக்க?" என் காலைப் பார்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை.

25ஆம் தேதி காலையில் மைதானத்துக்குப் போனபோது வாசலிலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். "மேடம் சிங்கப்பூரா? எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க, நான் பாத்துக்கிறேன்." விமானச் சீட்டு மே 12க்கு. ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. வீட்டில் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஸ்கூட்டரில் எட்டு போட்டேன். கால் ஊன்றவில்லை. கல்லூரித் திருட்டு கைகொடுத்தது. அடுத்தது கார். பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர். நூறடி ஓட்டியதும் "இடப்பக்கம் ஓரங்கட்டுங்க" என்றார். இண்டிகேட்டர் போடாமல் ஓரங்கட்டினேன். "எடுங்க" என்றார். எடுத்தேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மூன்றாம் கியரிலேயே நிறுத்தியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த தடவை வாங்க."

வீட்டில் சொன்னேன். "நிப்பாட்டுனதும் நியூட்ரலுக்கு வரலையா?" "இல்லப்பா." "அப்ப அவரு செஞ்சது சரி." சமாதானமாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம், கட்டணமும் புதிதாகக் கட்ட வேண்டும். மே 6, திங்கட்கிழமை கிடைத்தது. நடுவில் இருந்த நாட்களில் மாஸ்டர் ஓட்டச் சொன்னதைவிட நிறுத்தச் சொன்னதுதான் அதிகம். நிறுத்து, நியூட்ரல், ஹேண்ட் பிரேக். மறுபடி எடு. அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார்; பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடப்படாத தெருக்களில், அக்னி நட்சத்திர வெயிலில், நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்.

6ஆம் தேதி அதே மைதானம், வேறு இன்ஸ்பெக்டர். ஓரங்கட்டச் சொன்னார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், கை சைகை இரண்டு கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "சரி, போங்க." இதற்காகவா பதினோரு மாதம் என்றிருந்தது.

அட்டையை அன்றே கையில் தருவதில்லை, இப்போது ஸ்பீடு போஸ்டில்தான் வீட்டுக்கு வருகிறது. எனக்கோ விமானம். விண்ணப்பத்தில் புதூர் முகவரியும் உள்ளூர் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அட்டை வருவதற்குள்ளேயே டிஜிலாக்கரில் லைசென்ஸ் ஏறிவிட்டது; சட்டப்படி அதுவும் செல்லும்.

இதை வைத்து சிங்கப்பூரில் ஓட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அங்கே தங்கி வேலை பார்ப்பவருக்கு வெளிநாட்டு லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். எனக்கு அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அரவிந்துக்குப் போய்வர இது போதும்.

அட்டை வந்த அன்று அப்பா வீடியோ காலில் வந்தார். திரை முழுக்க அவர் கட்டைவிரல். "எதுவரைக்கும்னு போட்டிருக்கு, எனக்குத் தெரியல" என்றார். அம்மா வாங்கிப் படித்தாள். 2034.

"பத்து வருசமா? சரி. தீவாளிக்கு வந்தா நத்தம் ரோட்டுப் பாலத்துல ஏறி இறங்குவோம். நான் ஓட்டுன ரூட்டு, மேல இருந்து போனதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் சிம்முக்கு ரீசார்ஜ் போட்டாச்சு" என்றார்.