கதவு இடுக்கைப் பார்த்து வாங்குங்கள்

கேபினும் கண்ணாடியும் இல்லாத வெறும் சேசிஸ் ஒன்று நெடுஞ்சாலையில் ஓடுவதைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். கரூருக்கோ நாமக்கல்லுக்கோ பாடி கட்டப் போகிற வண்டி அது. இரண்டாம் உலகப் போர் வரை உலகத்தின் விலை உயர்ந்த கார்களையும் இப்படித்தான் வாங்கினார்கள். ரோல்ஸ்ராய்ஸ் விற்றது சேசிஸும் எஞ்சினும் ரேடியேட்டரும்தான். அதன் மேல் என்ன உட்கார வேண்டும் என்பதை வாங்குகிறவரும் ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு மாதிரியான பட்டறைகளும் பேசி முடிவு செய்தார்கள். நம் சென்னை சிம்ப்சனும் 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியதுதான். 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் அங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார்.

இப்படிப் பட்டறையில் பாடி கட்டிய பழைய திறந்த கார் ஒன்றை வாங்கிப் பராமரிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். திறந்த கார்களிலும் வகை உண்டு. பக்கக் கண்ணாடி ஏறி இறங்காமல், மழைக்குத் துணித்திரை செருகுவது டூரர். கைப்பிடி சுற்றிக் கண்ணாடி ஏற்றலாம், உள்ளே கெட்டியான லைனிங் இருக்கும், மூடினால் முழுக் கார் போலாகும் என்றால் அது டிராப்ஹெட். சில டிராப்ஹெட்களில் ஹூடுக்கு, அதாவது மடக்கும் துணிக்கூரைக்கு, மூன்று நிலை: முழுக்க மூடியது, முன்பாதி மட்டும் சுருட்டியது, முழுக்க மடித்தது. விற்கிறவர் எல்லாவற்றையும் ‘கன்வர்ட்டிபிள்’ என்றால் அவருக்கு வண்டி தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கார்களின் அழகு பெயின்டில் இல்லை, கூரை இல்லாமலும் கோணாமல் நிற்பதில் இருக்கிறது. மூடி போட்ட பிஸ்கட் டின்னை இரண்டு மூலையில் பிடித்து முறுக்கினால் அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள். காரும் அப்படித்தான். கூரை சுமந்த பாரத்தை இனி தளமும் கதவுக்கு அடியில் இருக்கும் படிக்கட்டுப் பகுதியும் டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் குறுக்குத் தகடும்தான் சுமக்க வேண்டும். கார்மன் பட்டறை 1949 முதல் 1980 வரை கட்டிய பீட்டில் திறந்த கார் கூரை இல்லாமலே சாதாரண பீட்டிலைவிடக் கனம். கீழே கூட்டிய இரும்புதான் காரணம்.

பழைய பட்டறைகள் இதை மரத்தில் செய்தன. ஆஷ் மரச் சட்டம், மேலே 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே ஆஷ்தான். வளையும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஈரத்தில் மக்கும். வேமன் என்ற முறையில் மரத்தோடு மரம் தொடவே தொடாது. மூட்டுகளில் சின்ன இடைவெளி விட்டு இரும்புப் பட்டையால் இணைப்பார்கள், மேலே துணி போர்த்துவார்கள். வண்டி நெளியும், கிறீச்சிடாது. இத்தாலியின் டூரிங் பட்டறை மரத்தையே கைவிட்டு, மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியம் போர்த்தியது.

இங்கே கல்யாண ஊர்வலத்துக்கென்று கூரை அறுத்த அம்பாசிடரையும் பத்மினியையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கூரையை அறுத்தால் கொஞ்ச நாளில் நடு தொய்யும், கதவு மூடாது. மூடாத கதவைச் சீவி மூட வைப்பார்கள், மேலே பட்டி பூசி பெயின்ட் அடிப்பார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கதை வேறு. தனி சேசிஸ், போல்ட் போட்ட கூரை. மூல வடிவமான டிரையம்ஃப் ஹெரால்டிலேயே சலூன், கூப்பே, திறந்த கார் என்று ஒரே அடித்தளத்தில் வந்தன. அதற்காக ஸ்பேனரோடு கிளம்பிவிட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பாடியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு குறுக்கே நிற்கும். 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோனாலும் (2021 விதி, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் ‘விஏ’ எழுத்து) சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த எண்ணோடு தினமும் மார்த்தாண்டம் போய்வரவும் முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான்.

வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் கதவு இடுக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா? மேலே குறுகி கீழே விரிந்திருந்தால் நடு தொய்ந்திருக்கிறது. பிறகு கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் சின்னச் செலவு. கீல் மாட்டியிருக்கும் தூணும் சேர்ந்து ஆடினால் உள்ளே மரமூட்டு போய்விட்டது. கதவை மூடி, பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து இடுக்கை மறுபடி பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் விலை பேச வேண்டாம். கடைசியாகக் கார்ப்பெட்டைத் தூக்கி, தூணின் அடியில் குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும். மக்கிய மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும்.

மரம் மாற்றுவதென்றால் எதையும் கழற்றும் முன் கதவு வாயில் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டுங்கள். இதை விட்டால் பாடி தன் அளவை மறந்துவிடும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். தொடாத பக்கம்தான் உங்கள் வரைபடம். மக்கிய துண்டையும் எறியாதீர்கள், ஆசாரிக்கு அதுதான் அச்சு. ஆஷ் கிடைக்காத நம் ஊரில் தேக்கு நன்றாக நிற்கும். ஆனால் தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. எப்பாக்ஸிப் பசை பூசும் முன் அசிட்டோனில் துடைக்காவிட்டால் மூட்டு விட்டுவிடும்.

அலுமினியத்தை வளைக்கும் முன் பதப்படுத்த வேண்டும். தகட்டில் பார் சோப்பைத் தேய்த்து, டார்ச்சால் சூடாக்கி, சோப்பு கறுத்ததும் நிறுத்துங்கள். அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது. நிறம் காட்டாமலே உருகி ஓட்டையாகிவிடும். தகடு இரும்பைத் தொடும் இடங்களில் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரும் நடுவே காப்பு நாடாவும் அவசியம். நம் குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் காற்றில் உப்பு ஈரம் நடுவே நின்றால் இரண்டு உலோகமும் பாட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். பெயின்டில் முதலில் கொப்புளம் தெரியும், குத்தினால் வெள்ளைப் பொடி கொட்டும்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தியிருந்தால் ஹூடைத் துணியால் துடைக்காதீர்கள். அந்தக் கருமணலில் இல்மனைட் என்ற கடினமான கனிமம் இருக்கிறது. துடைத்தால் உப்புத்தாள் தேய்த்தது போலாகும். மென்மையான தூரிகையால் தட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், கறை போகவே போகாது. ஷெட்டில் நிற்கும்போது ஹூடை மூடியே வையுங்கள். மாதக்கணக்கில் மடித்தே கிடந்தால் துணி சுருங்கி, முன்கொக்கிக்கு எட்டாது. பின் ஜன்னல் பிளாஸ்டிக் என்றால் மடிப்புக்கு நடுவே ஒரு பழைய வேட்டித் துண்டு.

ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் மாதங்களில் சாலையோரம் ஹூடைத் திறக்காதீர்கள். முன்விளிம்பை ஒரு சாண் தூக்கியதுமே காற்று உள்ளே புகுந்து பின்னால் அடிக்கும், வளைவுக் கம்பி கோணிவிடும். ஏதாவது சுவர் மறைவில் நிறுத்திச் செய்யுங்கள்.

கதவு ரப்பருக்கு, ரப்பர் விளைகிற மாவட்டம் என்பதற்காக இயற்கை ரப்பரே போட வேண்டியதில்லை. வெயிலிலும் ஓசோனிலும் அது வெடிக்கும். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் நெடுநாள் தாங்கும். சீட்டுக்கு மட்டும் நம் ஊர்ச் சரக்கு பொருந்தும். பழைய குதிரைமயிர் அடைப்புக்குப் பதில் ரப்பர் கலந்த கயிற்றுநார் மெத்தை போடலாம்; காற்று உள்ளே போய் வரும்.

நல்ல பாடியையும் கொல்வது பெரும்பாலும் அடைபட்ட வடிகால்தான். ஹூடு மடியும் தொட்டியின் இரண்டு மூலையிலும் கதவின் அடியிலும் துளைகள் இருக்கும். அடைத்தால் தண்ணீர் நேரே பின்தூண் மரத்துக்குள் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வாரம் ஒருமுறை மெல்லிய கம்பி விட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். அடைப்பது பெரும்பாலும் தென்னம்பூ. தென்னை வருஷம் முழுக்கப் பூக்கும் என்பதால் இதற்குச் சீசன் கிடையாது.