சார்லட்ஸ் வெப்: வீட்டில் உரக்க வாசிப்பவர்களுக்கு

ஈ. பி. வைட் எழுதி 1952-ல் வெளிவந்த இந்த நாவலை, வில்பர் என்ற பன்றிக்கும் சார்லட் என்ற சிலந்திக்கும் நட்பு என்ற அளவில்தான் பலரும் கையில் எடுக்கிறார்கள். ஃபெர்ன் என்ற எட்டு வயதுச் சிறுமி ஓரமாக உட்கார்ந்தபடியே வளர்ந்துவிடுவதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் புத்தகம் கைநழுவிப் போகும்.

மொத்தம் 22 அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் ஒன்றுக்குச் சராசரி பத்து நிமிடம்; தமிழில் சொல்லிக்கொண்டே போனால் இருபது ஆகும். இரவுக்கு ஒன்று போதும். முதல் வரியிலேயே ஃபெர்னின் அப்பா கோடரியோடு கிளம்புகிறார், நோஞ்சானாகப் பிறந்த குட்டி வில்பரைக் கொல்ல. இதை மழுப்பாதீர்கள். மழுப்பினால், ஏழாம் அத்தியாயத்தில் கிழட்டுச் செம்மறி வந்து வில்பரை வெட்டப்போகிறார்கள் என்று சொல்லும்போது குழந்தைக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

தமிழில் சொல்லும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. சார்லட் முதலில் சொல்லும் 'சல்யூட்டேஷன்ஸ்' வில்பருக்குப் புரியக்கூடாது, அவன் அர்த்தம் கேட்டாக வேண்டும். அதனால் 'வணக்கம்' உதவாது. 'வந்தனம்' சரியாக உட்காரும். வாத்தம்மா சொல்லை மூன்று முறை இழுப்பாள்: "நிச்சயமா-ச்சயமா-ச்சயமா". வில்பரைக் காப்பாற்ற சார்லட் தன் வலையில் நெய்யும் சொற்களில் முதலில் வரும் 'சம் பிக்'கை 'ஏதோ ஒரு பன்றி' என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். "பன்றின்னா இது பன்றி!" என்று சொல்லுங்கள். 'டெரிஃபிக்' என்பது 'அபாரம்'. 'ரேடியன்ட்' எலி டெம்பிள்டன் சோப்புப் பெட்டியிலிருந்து கிழித்து வந்த சொல், அதனால் விளம்பர வாடை வேண்டும்: 'பளிச்'. கடைசிச் சொல் 'ஹம்பிள்'. கர்வமில்லாதது, தரையை ஒட்டியது என்று இரண்டு பொருளையும் சார்லட்டே எடுத்துச் சொல்வாள். தமிழில் 'தாழ்மை' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. இப்படி அமைவது அபூர்வம். சிலந்திக் காலின் ஏழு பகுதிகளின் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் நாக்குச் சுழற்றுப் போட்டியாக வேகமாக வாசித்துவிடுங்கள்.

பதினான்காம் அத்தியாயத்தில் ஃபெர்னின் அம்மா டாக்டர் டோரியனிடம் போகிறார். விலங்குகள் பேசுவதாக மகள் சொல்கிறாளே என்ற கவலை. டாக்டர் பதறாமல், அவளுக்குப் பையன்கள் யாரையாவது தெரியுமா என்று விசாரிப்பார். பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயம் சப்பென்று இருக்கும், அதற்காகத் தாண்டிவிடாதீர்கள். இருபதாம் அத்தியாயத்தில் சந்தையில் வில்பருக்குப் பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஃபெர்ன் அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு, ராட்டினம் சுற்ற ஹென்றி ஃபஸ்ஸி என்ற பையனைத் தேடி ஓடுகிறாள். கேட்கும் குழந்தைக்குக் கோபம் வரும். அவளுக்கு வக்காலத்து வாங்காதீர்கள், கோபப்படட்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இருக்கும். அந்த மௌனத்தையும் தொந்தரவு செய்யவேண்டாம்.

கடைசி இரண்டு அத்தியாயங்களை ஒரே இரவில் முடியுங்கள். 21-ன் இறுதியில் சார்லட் தனியாக இறக்கிறாள். அங்கே புத்தகத்தை மூடினால் குழந்தைக்குத் தூக்கம் வராது. வாசிப்பவருக்கும் தொண்டை அடைக்கும். வைட்டே ஒலிப்பதிவு செய்தபோது இந்த இடத்துக்கு 17 முறை முயல வேண்டியிருந்ததாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு 22-க்குப் போங்கள். சார்லட்டின் 514 முட்டைகள் பொரிந்து, மூன்று குஞ்சுகள் மட்டும் கொட்டகையில் தங்கும். அதே அத்தியாயத்தில், ஃபெர்ன் இப்போதெல்லாம் முன்போல் கொட்டகைக்கு வருவதில்லை என்று ஒரு வரி வரும். அதை மட்டும் மெதுவாக வாசியுங்கள்.