ரத்து, தொடர்க: எதை அமுக்குவது?

பொங்கல் முடிந்து மன்னார்குடியிலிருந்து சென்னை திரும்ப, ஆம்னி பஸ்ஸில் அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு படுக்கை போட்டிருந்தேன். கிளம்பும் நாள் காலையில் அறுவடை மெஷின்காரரிடமிருந்து போன், நாளைக்கே வருகிறாராம். “மெஷின் கெடைக்கிறதே பெரும்பாடு. நெல்லை யாருடா காயப்போடுறது? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. நீ மட்டும் கெளம்பு தம்பி” என்றுவிட்டாள் அம்மா.

திண்ணையில் உட்கார்ந்து அவளுடைய டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யப் போனேன். செயலியில் இரண்டு பெயருக்கும் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அடுத்த திரையில் பிடித்தம் அதிகமாகத் தெரிந்தபோதுதான் உறைத்தது. வெளியே வந்துவிடலாம் என்றால் கீழே இரண்டே பொத்தான்: பச்சையில் ‘தொடர்க’, சாம்பல் நிறத்தில் ‘ரத்து’.

தொடர்க என்றால் பயணம் தொடருமா, ரத்து வேலை தொடருமா? கம்ப்யூட்டரில் ‘ரத்து’ என்றால் ‘வேண்டாம், விடு’ என்றுதான் எனக்கு இத்தனை வருடப் பழக்கம். அதை அமுக்கினேன். இரண்டு படுக்கையும் போச்சு.

வேண்டுமென்றே வைத்தார்களா, அல்லது மொழிபெயர்த்தவர் கையில் எந்தத் திரைக்கு என்று சொல்லாமல் ஒற்றை வார்த்தையைக் கொடுத்தார்களா, தெரியாது. ‘அம்மா டிக்கெட்டை மட்டும் ரத்து செய்’, ‘டிக்கெட் அப்படியே இருக்கட்டும்’ என்று எழுத என்ன செலவாகும்?

வாடிக்கையாளர் சேவையில், போனது போனதுதான் என்றார்கள். பொங்கல் கூட்டம்; விலையும் ஏறிவிட்டது. கடைசி வரிசையில் மேல் படுக்கை ஒன்றுதான் கிடைத்தது.

புகாருக்கு ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அந்தத் திரையோ போய்விட்டது. புது டிக்கெட்டை வைத்து மறுபடி அதே இடம் வரை போனேன். படம் எடுத்தாயிற்று, இனி வெளியே வருவது எப்படி? இரண்டு பொத்தானும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. விரல் படாமல் போனையே அணைத்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயனரை ஏமாற்றும் இப்படிப்பட்ட வடிவமைப்புகளை ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 30 நவம்பர் 2023 அன்று நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் 13 வகை. குழப்பமான சொற்களால் கேட்கும் கேள்வியும் அதில் ஒன்று. அதைக் குறிப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துப் புகார் பதிந்தேன். அம்மா டிக்கெட்டில் பிடித்ததை நான் கேட்கவில்லை, அது நானே செய்ய நினைத்த ரத்து.

பதினோராம் நாள் என் டிக்கெட்டில் பிடித்த தொகை மட்டும் கணக்குக்கு வந்தது. புது டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது வரவில்லை. அன்று இரவு அம்மாவிடம் சொன்னபோது, “அது கெடக்கட்டும், நெல்லு போட்டாச்சு” என்றாள்.