பதில் வரட்டும், பார்க்கலாம்

போனில் நான் சொன்னது அவ்வளவுதான்: "பதில் வரட்டும், பார்க்கலாம்."

அமெரிக்கக் கவுண்டி (மாவட்ட) ஜெயில் ஒன்றிலிருந்து ஒருவர் பேசினார். தண்டனை ஆகாத விசாரணைக் கைதி. கீழ்த்தாடை வீங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கொழகொழவென்று வந்தது. பல் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்று புகார்ப் படிவம் போட்டுப் 12 நாள் ஆகியிருந்தது. "அப்பீலும் இப்பவே போட்டுடட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

10 நாளில் பதில் இல்லையென்றால் நிராகரித்ததாகக் கொள்ள வேண்டும், அடுத்த 5 நாளுக்குள் அப்பீல் என்று அந்த ஜெயில் கையேட்டில் ஒரு வரி. அவர் பேசிய அன்று 3 நாள் பாக்கி இருந்தது. என் டிராயரில் இருந்தது பழைய பதிப்பு, அதில் அந்த வரி இல்லை. உண்மையைச் சொன்னால், அதையும் அன்று நான் புரட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே இருப்பவர் ஜெயில் நிலைமை பற்றி வழக்குப் போடுவதற்கு முன் அங்குள்ள புகார்ப் படிகள் அத்தனையும் ஏறியாக வேண்டும் என்பது 1996 அமெரிக்கச் சட்டம். கெடு தவறினால் ஏறியதாகவே கணக்கில்லை என்று 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வுட்ஃபோர்ட் வழக்கில் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அவரே கைப்பட வழக்குப் போட்டார். அப்பீல் இல்லை என்று ஜெயில் தரப்பு ஒரு பக்க மனு தாக்கல் செய்தது, வழக்குத் தள்ளுபடி. அந்த உத்தரவில் பல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு உதவும் பாராலீகல். சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, அதனால்தான் பட்டும் படாமலும் பேசினேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். 'பார்க்கலாம்' என்பதும் ஆலோசனைதானே?

இப்போது யார் கேட்டாலும் கையேட்டை அனுப்பி, கெடு வரியை அடிக்கோடிடுகிறேன். போன மாதம் ஒருவர் அதைப் பார்த்துப் பயந்து, கெடு தொடங்கும் முன்பே அப்பீல் போட்டார். முறைப்படி இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளியே வந்தபின் போடும் வழக்குக்கு இந்தப் படியேற்றம் கிடையாது. அவர் வழக்கில் வந்ததும் மறுபடி தாக்கல் செய்யத் தடையில்லாத தள்ளுபடிதான். அவர் விடுதலையானபோது காலவரம்பில் சில மாதம் மிச்சமிருந்தது. அதை எழுதி அனுப்பினேன். முகவரியில் ஆள் இல்லை என்று மஞ்சள் சீட்டோடு கவர் திரும்பி வந்தது.

ஒரே ஒரு கடிதம்தான் போட்டேன்.