சுரைப்பிஞ்சில் தொடங்கிய கள்ளி

அக்கா மகளுக்கு மார்ச்சில் இரண்டு வயது நிறைகிறது. கடையில் வாங்கிக் கொடுத்த பொம்மை எதுவும் அவள் கையில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. பேட்டரி போட்டால் பாடுகிற ரகம் என்றால் மூன்று நாள். அதனால் இந்த முறை கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷேயில் ஒரு சின்னக் கள்ளிச்செடி பொம்மை பின்னிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காது கிடையாது, மூக்கு கிடையாது, நான்கு கால் கிடையாது. ஒரு உருளை, ஒரு தொட்டி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது கணக்கு. ஆனது ஏழு வாரம்.

ஜனவரி, முதல் வாரம்

கையில் இருந்தவை 3.5 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்று, பாதி தீர்ந்த பச்சை உல்லன் நூல்கண்டு ஒன்று. உல்லன் என்று நாம் சொல்கிறோமே தவிர அதில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூடக் கிடையாது, முழுக்க அக்ரிலிக். கல்லூரி விடுதியில் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு மப்ளரின் புண்ணியத்தில் சங்கிலி, குட்டையான சிங்கிள், உயரமான டபுள் என்று மூன்று பின்னலும் போடத் தெரியும்.

இப்படிச் சின்னதாகப் பின்னிப் பஞ்சடைக்கிற பொம்மைக்கு ஜப்பானில் அமிகுருமி என்று பெயர். பின்னல் என்கிற சொல்லும் பஞ்சடைத்த பொம்மை என்கிற சொல்லும் ஒட்டிப் பிறந்தது. இதில் வரிசைக்கு வரிசை திருப்பிப் போடுகிற வேலை இல்லை. நடுவில் ஒரு வளையம், அதில் 6 கண்ணி (ஊசி போட்டு எடுக்கிற ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி), அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24 என்று நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே போக வேண்டும். சுற்று எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்தால்தான் பிழைத்தோம்.

இங்கிலாந்துக்காரர் ஒருவர் எழுதிய செய்முறை கையில் கிடைத்தது. டபுள் குரோஷே என்று போட்டிருந்ததால் டபுளே போட்டேன். மூன்று மணி நேரம். பஞ்சை அடைத்ததும் ஒவ்வொரு கண்ணிக்கு நடுவிலும் வெள்ளையாக எட்டிப் பார்த்தது, தலை நரைத்த கள்ளி. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள். அமெரிக்க டபுளை அவர்கள் ட்ரெபிள் என்பார்கள். நாம் பழகுவது பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களில், கையில் கிடைக்கிற பழைய புத்தகங்கள் பிரிட்டிஷ் பெயர்களில். தொடங்கும் முன் எந்த ஊர் வழக்கு என்று பார்த்துவிடுங்கள்.

முழுக்கப் பிரித்தேன்.

இரண்டாம் வாரம்

சிங்கிளில் மறுபடி. நூலுறையில் 4 மி.மீ. ஊசி என்று அச்சிட்டிருக்கும். அது சால்வைக்குச் சரி. பொம்மைக்குக் கண்ணி நெருக்கமாக விழ வேண்டும் என்பதால் 2.5 மி.மீ. ஊசி வாங்கி வந்தேன். முதல் நாள் ஆள்காட்டி விரல் வீங்கிப்போனது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. நூலை ஊசிமேல் சுற்றி இழுப்பதற்குப் பதிலாக, ஊசிக்குக் கீழே கிடக்கும் நூலைக் கொக்கியால் அள்ளி இழுத்தால் கண்ணி பெருக்கல் குறி மாதிரி விழுகிறது, இன்னும் இறுக்கமாகவும் இருக்கிறது. இதை யாரும் முதலிலேயே சொல்லித் தரவில்லை என்பது என் வருத்தம்.

24 கண்ணி வந்ததும் கூட்டாமல் குறைக்காமல் 16 சுற்று. பஞ்சடைத்து மேசைமேல் நிறுத்தினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னட்டி இது, சுரைப்பிஞ்சா?"

சுரைப்பிஞ்சேதான். கள்ளி என்றால் மேடும் பள்ளமுமாக வரி வேண்டும். வழுவழுவென்று இருந்தால் எந்தக் காயாகவும் தெரியும்.

இன்னொன்று, அதற்குள் அடைத்திருந்தது அம்மாவின் பழைய தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு, படுக்க அதைவிடச் சுகமானது கிடையாது. பொம்மைக்கு மட்டும் ஆகாது. இழை மெலிதாக, வழுக்கலாக இருப்பதால் எவ்வளவு நெருக்கிப் பின்னினாலும் கசிந்து வெளியே வருகிறது. வீடு முழுக்க தும்மல். அலசினால் கட்டி கட்டியாகிவிடும் என்பது வேறு. கடைசியில் கடையில் இருப்பதிலேயே மலிவான பாலியெஸ்டர் தலையணை ஒன்றை வாங்கி அதன் வயிற்றைக் கிழித்தேன். பொம்மைப் பஞ்சு என்று தனியாகப் பொட்டலம் போட்டு விற்பதை வாங்குவதைவிட இது பாதி விலை.

மூன்றாம் வாரம்

வரி வருவதற்கு வழி வேறு. சுற்றிப் பின்னக் கூடாது. ஒரு செவ்வகம் பின்ன வேண்டும். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழை இருக்குமில்லையா, அதில் பின்னிழையில் மட்டும் ஊசியை விட்டுத் திருப்பித் திருப்பிப் போட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். 16 சங்கிலி, அதில் 15 கண்ணி, 36 வரிசை. இதைப் பக்கவாட்டில் சுருட்டி ஓரத்தோடு ஓரம் தைத்தால் 18 மேடுள்ள குழாய். மேல்வாயில் நூலைக் கோத்துச் சுருக்குப்பை மாதிரி இழுத்தால் மூடிக்கொள்ளும். பின்ன வேண்டியது சிங்கிள் மட்டும்தான், கூட்டல் குறைத்தல் கிடையாது.

சொல்வதற்கு எளிது. இருபதாம் வரிசையில் என் செவ்வகம் ஒரு பக்கம் சரிந்து ஊறுகாய் மாங்காய்த் துண்டு வடிவத்தில் இருந்தது. நூல் இழுக்கிறது, தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலும் நான்கு வரிசை போட்டேன்.

அம்மாவுக்குக் குரோஷே தெரியாது. ஆனால் ஒயர் கூடை போடுவாள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எந்த முடிச்சைச் சொன்னாலும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே போடுகிற கை. பின்னலை வாங்கி ஓரத்தை மட்டும் விரலால் தடவினாள். "அப்பப்பக் கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்புத. ஓரத்த எண்ணாமப் போட்டா கூடைக்கு வாய் கோணிரும்ட்டி" என்றாள். எண்ணிப் பார்த்தேன். 15 இருக்க வேண்டிய இடத்தில் 11. முகம் செத்துவிட்டது, ஆனால் பிரிக்காமல் வேறு வழியில்லை.

அதன்பிறகு வரிசைக்கு வரிசை முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு குத்தினேன். தைக்கிற கடையில் கேட்டால் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வளையம் தருகிறார்கள், அது தேவையில்லை, ஊக்கே போதும். குழந்தைக்குக் கொடுக்கிற பொருள் என்பதால் எத்தனை ஊக்கு எடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு மட்டும் முக்கியம்.

நான்காம் வாரம்

தொட்டி. செங்கல் நிற நூல். 6, 12, 18, 24, 30. அடுத்த சுற்று பின்னிழையில் மட்டும், அப்போதுதான் அடிப்பாகம் மடங்கிச் சுவர் எழும்பும். மேலே 9 சுற்று, கடைசியில் விளிம்பை வெளியே மடித்தது. அடி தட்டையாக நிற்க முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டி வைத்தேன், துவைத்தால் ஊறிப்போகும் என்று ஞாபகம் வந்து ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி மாற்றினேன். தொட்டிக்கு எடை வேண்டும், கூழாங்கல் போட மனம் வரவில்லை. கோவையில் இருப்பதில் ஒரு வசதி, திருப்பூர் பனியன் வேஸ்ட் எளிதாகக் கிடைக்கும். கடையில் வாங்கி, அலசிக் காயவைத்துத் திணித்தேன். கனமாக உட்கார்ந்துகொண்டது.

வரிபோட்ட கள்ளியை அதில் வைத்தபோதுதான் முதன்முறையாக, சரி, இது கள்ளி என்று தோன்றியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை பின்னித் தைத்தேன். அமெரிக்காவில் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோராவிலும் நிற்கிற சகுவாரோ கள்ளிக்குக் கை முளைக்கவே பெரும்பாலும் 50 ஆண்டுக்கு மேல் ஆகும். என் கள்ளிக்கு இரண்டு ராத்திரி.

அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எந்த ஊர்க் கள்ளி? நம்ம கரிசக்காட்டுல இப்படி ஒண்ணு கெடையாதே" என்றாள்.

அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரை நெடுக நின்றது சப்பாத்திக்கள்ளி. அதன் பழத்தைத் தரையில் தேய்த்து முள் போக்கி, பிளந்து தின்று வாயெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு வருவோம். உள்ளே தொண்டைமுள் இருக்கும், எடுத்துவிட்டுத் தின்னு என்று அம்மா மிரட்டுவாள். அந்தக் கள்ளியை விட்டுவிட்டு, படத்தில் மட்டும் பார்த்த ஒன்றை ஏன் பின்னிக்கொண்டிருக்கிறேன்?

வரிக்கள்ளியை என் அலுவலக மேசைக்கு எடுத்துக்கொண்டேன். தொட்டி அப்படியே இருக்க, செடி மட்டும் புதிது.

ஐந்தாம், ஆறாம் வாரம்

இதற்கு யாருடைய செய்முறையும் தேடவில்லை. ஊரில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சப்பாத்திக்கள்ளியில் இலை மாதிரி தெரிவது இலையல்ல, தட்டையான தண்டு. ஒன்றின் விளிம்பில் இன்னொன்று முளைக்கும். அதனால் நீள்வட்டமாகத் துண்டு துண்டாகப் பின்னி அடுக்க வேண்டும்.

சின்னத் துண்டுக்கு 7 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவதில் தொடங்கி 5 கண்ணி, கடைசிச் சங்கிலியில் 3, அப்படியே திரும்பி அடிப்பக்கமாக 4, முடிவில் ஒரே இடத்தில் 2. மொத்தம் 14. அடுத்த சுற்றுகளில் இரு முனைகளிலும் மும்மூன்று கூட்டி 20, 26. இதே மாதிரி இரண்டு செய்து முதுகோடு முதுகு வைத்து ஓரத்தைச் சேர்த்துப் பின்னினால் ஒரு சப்பாத்தி. அடிச்சப்பாத்திக்கு 11 சங்கிலியில் தொடங்கி ஒரு சுற்று அதிகம். மொத்தம் ஐந்து சப்பாத்தி, அதாவது பத்துத் துண்டு.

பஞ்சை நிறைய அடைத்தேன், பூரி ஆகிவிட்டது. எடுத்துவிட்டு மெலிதாக ஒரு படலம் மட்டும் வைத்தேன், துவண்டு விழுந்தது. அடிச்சப்பாத்திக்குப் பஞ்சுக்குப் பதில் பனியன் துணியை இரண்டாக மடித்து உள்ளே வைத்தது வேலை செய்தது. தொட்டியில் நிறுத்துவதிலும் தகராறு. மண் நிற வட்டத்தின்மேல் வைத்துத் தைத்தால் எத்தனை தையல் போட்டாலும் சாய்கிறது. இரண்டு தடவை பிரித்தபின், மண் வட்டத்தின் மூன்றாம் சுற்றில் 6 கண்ணியைத் தாண்டி 6 சங்கிலி போட்டு ஒரு வாய் விட்டேன். அடிச்சப்பாத்தியின் முனையை அதற்குள் இரண்டு செ.மீ. இறக்கி, சுற்றிலும் வேஸ்ட் துணியைத் திணித்து, பிறகு வாயைத் தைத்தேன். நிஜமாக நட்டு வைத்ததுபோல நின்றது. இந்த ஏழு வாரத்தில் எனக்குப் பெருமையான இடம் இதுதான்.

முள்ளுக்கு அரைவெள்ளை நூலில், புள்ளி புள்ளியாக மூன்று மூன்று குட்டித் தையல். துண்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே போட்டிருந்தால் முடிச்செல்லாம் உள்ளே மறைந்திருக்கும். நான் சேர்த்த பிறகு போட்டேன், வேர்த்துவிட்டது. பூ மஞ்சள். பொம்மைக் கள்ளி எல்லாவற்றுக்கும் ரோஸ் நிறத்தில்தான் பூ வைக்கிறார்கள், எங்கள் ஓடைக்கரையில் பூத்தது மஞ்சள்தான்.

பழத்துக்கு ஒப்பணக்கார வீதிப் பக்கம் போய் மெரூன் பருத்தி நூல் வாங்கினேன். 6, 12, 12, 12, 6. மூன்று பழம். தைத்து முடித்து, குழந்தை வாயில் வைக்குமே என்று வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். தண்ணீர் சிவந்தது. முள்ளெல்லாம் ரோஸ். பருத்தியில் அடர் சிவப்பு வாங்கினால் முதலில் ஒரு முழம் வெட்டி நனைத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அரைநாள் வேலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கள்ளிக்கும் சிவப்புச் சாயத்துக்கும் பழைய உறவு. கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியை நசுக்கினால் வருகிற சிவப்புக்காக, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி மட்டமான வகை, சாயம் சரிப்படவில்லை. பிற்பாடு கள்ளி காடாகப் பெருகி நிலத்தை மறித்தபோது, அதைத் தின்று அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சிதான். ஆக, சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சதுரக்கள்ளி கள்ளிக் குடும்பமே இல்லை, பால் வடிகிற வேறு குடும்பம். அம்மாவிடம் சொன்னேன். "வந்தா என்ன, மொளகா கூடத்தான் வந்துச்சு" என்று ஒயரை இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

பழத்தை வெட்டி எடுத்துவிட்டு அக்ரிலிக்கில் மறுபடி பின்னினேன். முள்ளையும் புதிதாகப் போட்டேன்.

ஏழாம் வாரம்

கண்ணும் வாயும் வைக்கலாமா என்று ஒரு யோசனை. பிளாஸ்டிக் கண், பட்டன் எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், கழன்றால் தொண்டைக்குள்தான் போகும். கறுப்பு நூலில் அடிச்சப்பாத்திமேல் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் தைத்தேன். பழங்களின் நூலை இரண்டு பக்கமும் மும்முறை ஊடுருவ விட்டு முடிந்தேன். ஒவ்வொரு பழத்தையும் பிடித்து என் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். அம்மாவும் இழுத்தாள். அவள் கைக்குத் தாங்கியது என்றால் கவலையில்லை. ஊக்குக் கணக்கும் சரி, எடுத்தது பதினொன்று, பெட்டிக்குத் திரும்பியது பதினொன்று.

கிண்ண மூடியைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டி, மேலே ஒரு சாண் உயரக் கள்ளி. மூன்றாவது சப்பாத்தி சற்றுக் கோணல். நேராக்கப் போய் இருப்பதையும் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறந்தநாளன்று கொடுத்தபோது குழந்தை தொட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். பழம் ஒன்றைச் சப்பினாள், பூவைப் பிய்க்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் கீழே உட்கார்ந்து மேல் சப்பாத்தியை இரண்டு விரலால் பிடித்துப் பிட்டு எடுப்பது மாதிரி இழுத்து, வாயருகே கொண்டுபோய், "தோச" என்றாள்.

அக்கா சிரித்தாள். அம்மா மட்டும், "பேரு வச்சவன் சப்பாத்திங்கான், இவ தோசைங்கா. அவ சொல்லுததுதான் சரி, ஓரம் வட்டமாத்தான இருக்கு" என்றாள்.