சிராகூசா: கோயில் தூண்களுக்குள் ஒரு தேவாலயம்

இத்தாலியின் சிசிலித் தீவில் சிராகூசா நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிரேக்க அரங்கைப் பார்க்கத்தான் முதலில் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், பாலத்தைத் தாண்டி ஒர்த்தீஜா தீவுக்குப் போய் அங்கே இருக்கும் பேராலயத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அதன் முகப்பு 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டில் கட்டியது, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி. அழகுதான், ஆனால் அந்த மாதிரி முகப்பு சிசிலி முழுக்க இருக்கிறது. இடது பக்கத் தெருவில் திரும்புங்கள்.

அங்கே சுவருக்குள் பாதி புதைந்தபடி பெரிய பெரிய டோரிக் (பழைய கிரேக்கக் கட்டடப் பாணி) தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கி.மு. 480இல் சிசிலியின் ஹிமேராவில் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படையை முறியடித்த சிராகூசா ஆட்சியாளர் கெலோன், கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் அவை. 7ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் கோயிலை இடிக்காமல், தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கல் வைத்து அடைத்து, கருவறைச் சுவரை வளைவு வளைவாக வெட்டித் திறந்து, அதையே தேவாலயம் ஆக்கிக்கொண்டார்கள். 878இல் அரபுகள் ஊரைப் பிடித்த பிறகு கொஞ்ச காலம் மசூதி. உள்ளே ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ் ஓடும் பள்ளத்தில் உள்ளங்கை அப்படியே உட்காருகிறது, சுண்ணாம்புக்கல் அங்கங்கே பொரிந்துபோய்ச் சொரசொரவென்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் தூண், அவ்வளவுதான்!

அங்கிருந்து கடலோரமாக நடந்தால் அரெத்தூசா ஊற்று வரும். கடலுக்கு ஒட்டினாற்போல நல்ல தண்ணீர், நடுவே பாப்பிரஸ் கோரைப் புதர், வாத்துகள். பத்து நிமிடம் போதும்.

சரி, அரங்கு. பாறையைக் குடைந்து செய்தது, பழங்கால கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் நாடகம் நடந்த இடம், மறுக்கவில்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஒர்த்தீஜாவுக்குக் கோட்டை கட்ட இங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1914இல் தொடங்கிய நாடக விழாவுக்காக, கோடையில் கல் படிகளின் மேல் மரப்பலகை வேறு போட்டுவிடுகிறார்கள். நாடகம் பார்ப்பதானால் அப்போது போங்கள், கல்லைப் பார்ப்பதானால் வேறு மாதத்தில்.

அதே வளாகத்தில் இருக்கும் பழைய கல் குவாரிகளைத் தவறவிடாதீர்கள். கி.மு. 413இல் தோற்றுப்போன ஏதென்ஸ் படையினர் ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் சிராகூசாவின் குவாரிகளில் அடைபட்டுக் கிடந்ததாகத் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். பகலில் வெயில், இரவில் குளிர், அரைவயிற்றுச் சாப்பாடு. இப்போது அங்கே எலுமிச்சை மரங்கள். 'டியோனிசியஸின் காது' (டியோனிசியஸ் இந்த ஊரின் பழைய கொடுங்கோலன்) என்ற உயரமான குகையும் இங்கேதான், 1608இல் அதற்கு அந்தப் பெயர் வைத்தவர் ஓவியர் கரவாஜ்ஜோ என்கிறார்கள். எதிரொலி கேட்க ஆளாளுக்குப் பாடுவார்கள், கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போய்விடுங்கள்.