கோப்பு வகையைச் சோதிக்கும் நிரல்: உயர்தர மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்து, பைதன் மொழியை முதன்முதலாகக் கற்கும் தம்பி தங்கைகளுக்கு, நிபந்தனைக் கூற்றுகளை (இஃப், எலிஃப், எல்ஸ்) பழக நான் பரிந்துரைப்பது ஒரு பயிற்சியைத்தான். பயனர் ஒரு கோப்பின் பெயரைத் தட்டச்சிட, அது படமா, ஆவணமா, சுருக்கப்பட்ட தொகுப்பா என்று நிரல் கூற வேண்டும். புள்ளிகளைக் கொண்டு ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும் வழமையான பயிற்சியை விட இது மேலானது என்பேன். ஏனெனில் புள்ளிகள் 0 முதல் 100 வரை ஒழுங்காக நிற்கும். கோப்புப் பெயர்கள் அப்படி நிற்பதில்லை.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமினிகேஷன் கடையில் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து வாங்கினால், பெயரின் இறுதியிலுள்ள பிடிஎஃப் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கக்கூடும். தொலைபேசியில் எடுத்த படம் மூன்றெழுத்து ஜேபிஜி ஆகவும், இன்னொருவர் அனுப்பியது நான்கெழுத்து ஜேபிஇஜி ஆகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வகைதான். பெயரின் நடுவிலும் புள்ளி (.) வரலாம், இறுதிப் புள்ளிக்குப் பின் வகையைக் காட்டும் நீட்டிப்பே இல்லாமலும் வரலாம். ஆகவே ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன், இத்தகைய பெயர்களைக் கொப்பியில் இடப்பக்கமும், ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையை வலப்பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் இந்த வேலை தடைப்படாது. தவிரவும், உயர்தரப் பரீட்சையில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள் கொண்ட முதலாம் வினாத்தாளிலும், மூன்று மணித்தியால இரண்டாம் வினாத்தாளிலும் நிரலை ஓட்டிப் பார்க்கக் கணினி தரமாட்டார்கள். நிரலை வரிவரியாகத் தாளில் தடம் பிடிக்கும் பழக்கந்தான் அங்கே கைகொடுக்கும்.

பெயரை வாங்கியவுடன் ஸ்ட்ரிப் மூலம் ஓர வெற்றிடங்களை நீக்கி, லோவர் மூலம் சிறிய எழுத்தாக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி நிபந்தனைக்குள் இருக்கிறது. நீட்டிப்பு ஜேபிஜி அல்லது ஜேபிஇஜி என்று நாம் பேசுவது போலவே, ஒப்பிடும் இரட்டைச் சமக்குறியை (==) ஒருமுறை மட்டும் இட்டு, 'ஓர்' (or, அதாவது அல்லது) சேர்த்து எழுதுவோர் பலர். பைதன் அதை அவ்வாறு வாசிப்பதில்லை. முதலில் நீட்டிப்பை ஜேபிஜியுடன் ஒப்பிடும். அது பொய்யானால், ஜேபிஇஜி என்ற எழுத்துச்சரத்தைத் தனியே எடுத்துப் பார்க்கும். வெற்றாக இல்லாத எந்தச் சரமும் மெய்யாகவே கொள்ளப்படுவதால், பிடிஎஃப் கொடுத்தாலும் படம் என்றே விடை வரும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது என்பதுதான் இதன் கொடுமை. ஒப்பீட்டை இரு பக்கமும் முழுமையாக எழுதுங்கள். அல்லது இரண்டையும் ஒரு பட்டியலிலிட்டு, உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' (in) கொண்டு சோதியுங்கள்.

ஆனால் அதே 'இன்' கொண்டு முழுப் பெயருக்குள் ஜேபிஜி இருக்கிறதா என்று தேடுவது வேறு கதை. பெயரின் நடுவில் ஜேபிஜியும் இறுதியில் ஸிப்பும் உள்ள தொகுப்பு, படமாகிவிடும். இறுதியை மட்டும் பார்க்கும் எண்ட்ஸ்வித், புள்ளியையும் சேர்த்துக் கொடுத்தால், இங்கே பொருத்தமானது.

முந்தைய நிபந்தனை பொய்யானால் மட்டும் அடுத்ததைச் சோதிக்கும் எலிஃப் இட வேண்டிய இடங்களில் தனித்தனி இஃப் எழுதி, கடைசியில், நிபந்தனை பொய்யானால் ஓடும் ஓர் எல்ஸ் வைத்தால், அந்த எல்ஸ் கடைசி இஃபுக்கு மட்டுமே உரியதாகும். அதனால் ஒரே கோப்புக்கு 'படம்' என்றும் 'தெரியாத வகை' என்றும் இரண்டு விடைகள் அச்சாகும். வெளியீட்டை எழுதுக என்று கேட்கும் வினாக்களில் இதைக் கவனித்துப் பாருங்கள்.

இவ்வளவும் பெயரைத்தான் சோதிக்கின்றன. படமொன்றின் பெயரை மாற்றி இறுதியில் பிடிஎஃப் என்று இட்டால் நிரல் அதை நம்பிவிடும். உண்மையான வகையை அறியக் கோப்பின் முதல் பைட்டுகளை வாசிக்க வேண்டும்; பிஎன்ஜி படமாயின் முதல் நான்கும் 137, 80, 78, 71 என்றிருக்கும். கோப்புக் கையாளல் பாடம் முடிந்ததும் இதே நிரலில் அந்தச் சோதனையையும் ஓர் இஃபாகச் சேர்த்துக்கொள்ளலாம்.